சூடமும் ஊசியிலையும்: ஊசியிலை மரங்களின் எண்ணெய்க்குள் என்ன இருக்கிறது?

கோயில் தட்டில் எரிகிற சூடம் எதிலிருந்து வருகிறது என்று கேட்டால், கற்பூர மரத்திலிருந்து என்றுதான் பெரும்பாலோர் சொல்வார்கள். ஒரு காலத்தில் அது சரி. இன்று வில்லை வில்லையாகக் கடையில் கிடைக்கிற சூடத்தில் பெரும்பகுதி, பைன் மரத்துப் பிசினை வடித்து எடுத்த டர்பன்டைனிலிருந்து ஆலையில் செய்யப்படுவது. சோவியத் ரஷ்யாவில் இன்னொரு வழியும் இருந்தது. சைபீரிய ஃபர் மரத்தின் இலைகளை நீராவியில் வடித்து, அந்த எண்ணெயிலிருந்தே கற்பூரம் செய்தார்கள். தமிழில் டர்பன்டைனுக்குக் கற்பூரத் தைலம் என்று ஒரு பெயர் உண்டு. வேதியியல் கணக்குப்படி பார்த்தாலும் அது மிகப் பொருத்தமான பெயர்.

ஊசியிலை எண்ணெயைப் பற்றிப் பேசும்போது எல்லாவற்றையும் சேர்த்து 'பைன் எண்ணெய்' என்று சொல்லிவிடுகிறோம். அந்தப் பெயர் ஏறக்குறைய எதையும் சொல்வதில்லை என்பதுதான் என் வாதம். எந்த இனம், மரத்தின் எந்தப் பாகம், எந்த ஊர், எந்த மாதம் என்று தெரியாமல் புட்டிக்குள் என்ன இருக்கிறது என்று யாராலும் சொல்ல முடியாது. ஒன்று தலைவலிக்குத் தடவும் தைலத்தில் சேரும். ஊசியிலை வகையிலேயே இன்னொன்று வலிப்பை உண்டாக்கும்.

முதலில் இலையைப் பார்ப்போம். கொடைக்கானலில் பைன் காடு என்று எல்லோரும் படம் எடுத்துக்கொள்கிற இடத்திலும், நீலகிரித் தோட்டங்களிலும் நிற்பவற்றில் மெக்சிகோவிலிருந்து வந்த பைனஸ் பாட்டுலா என்ற இனம் உண்டு. நீளமாக, தலைமுடி போலத் தொங்குகிற ஊசிகள். பச்சை ஊசி ஒன்றைப் பறித்துக் குறுக்கே கிள்ளினால் வெட்டுவாயில் கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும் ஒரு சொட்டு ஈரம் நிற்கும். விரலில் ஒட்டும், நுனியில் பளிச்சென்று மணம் ஏறும். காலுக்கடியில் மெத்தை போலக் கிடக்கிற காய்ந்த ஊசியைக் கசக்கினால் அந்த மணம் ஏறக்குறைய இல்லை. எண்ணெயின் இலேசான பகுதி எப்போதோ காற்றில் போய்விட்டது.

அந்தச் சொட்டு வருவது இலையின் நீளத்துக்கும் ஓடுகிற பிசின் குழாய்களிலிருந்து. குழாயைச் சுற்றி ஒரு வரிசைச் செல்கள் இருக்கும். எண்ணெயைச் சுரந்து உள்ளே விடுவது அவைதான். ஃபர் இலையை வெட்டி நுண்ணோக்கியில் வைத்தால் பெரும்பாலும் இரண்டு குழாய்கள் தெரியும். பைனில் எண்ணிக்கையும் இடமும் இனத்துக்கு இனம் மாறும். தாவரவியலாளர்கள் அதை வைத்தே இனத்தை அடையாளம் காண்கிறார்கள்.

இலை எண்ணெயையும் தண்டுப் பிசினையும் குழப்பிக்கொள்ளக் கூடாது. பைன் தண்டில் கீறல் போட்டு எடுக்கிற பிசினில் பெரும்பங்கு ஆவியாகாத அமிலங்கள். பிசினைக் காய்ச்சி வடித்தால் ஆவியாகி வந்து சேர்வது டர்பன்டைன், அடியில் தங்குவது ரோசின். வயலின் வில்லில் தேய்க்கிறோமே, அந்தக் கட்டிதான். இலையை நீராவியில் வடிக்கும்போது இந்த ரோசின் வகை அமிலங்கள் மேலே ஏறி வருவதில்லை. ஆவியாகக்கூடியவை மட்டும் வந்து, தண்ணீருக்கு மேல் மெல்லிய படலமாக மிதக்கும். பெரும்பாலான இனங்களில் பச்சை இலையின் எடையில் 1 சதவீதத்துக்கும் குறைவாகத்தான் கிடைக்கும்.

சரி, அந்தப் படலத்தில் என்ன இருக்கிறது?

19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதி வரை இந்தக் கேள்விக்கு ஒழுங்கான பதில் இல்லை. நறுமண எண்ணெய்களை ஆராய்ந்தவர்கள் ஒவ்வொரு செடிக்கும் ஒரு புதுப் பெயர் வைத்துக்கொண்டே போனார்கள். எரித்து அளந்து பார்த்தால் பலவற்றிலும் 10 கார்பன், 16 ஹைட்ரஜன் என்ற அதே கணக்கு வரும். ஜெர்மனியின் பான் நகரில் கெக்குலேயின் ஆய்வகத்தில், அலமாரியில் வருடக்கணக்கில் யாரும் தொடாமல் இருந்த எண்ணெய்ப் புட்டிகளை ஓட்டோ வாலாக் என்ற வேதியியலாளர் எடுத்து, ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்க்கத் தொடங்கினார். வேறு வேறு பெயரில் உலவிய பல பொருள்கள் ஒன்றேதான் என்று அவர் காட்டினார். 1887இல், இவையெல்லாம் ஐசோப்ரீன் என்ற 5 கார்பன் துண்டு இணைந்து உருவானவை என்றும் சொன்னார். இந்த உழைப்புக்காக 1910இல் நோபல் பரிசு கிடைத்தது. அந்த விதியை விரித்துக் கொண்டுபோன லியோபோல்ட் ருசிக்காவுக்கு 1939இல் கிடைத்தது.

இரண்டு ஐசோப்ரீன் சேர்ந்தால் 10 கார்பன், அது மோனோடெர்பீன். மூன்று சேர்ந்தால் 15, அது செஸ்கிடெர்பீன். நான்கு சேர்ந்தால் 20, அது டைடெர்பீன். ரோசின் அமிலங்கள் இந்தக் கடைசி வகை. ஊசியிலை எண்ணெயில் பெரும்பகுதி முதல் வகைதான். அடிக்கடி வருகிற பெயர்கள் ஆல்ஃபா பைனீன், பீட்டா பைனீன், கேம்ஃபீன், 3-கேரீன், லிமோனீன், மைர்சீன், பீட்டா பெல்லாண்ட்ரீன். ஏழுமே 10 கார்பன், 16 ஹைட்ரஜன். மூலக்கூறு எடை 136. புள்ளிகள் ஒன்று, கோலம்தான் வேறு.

கோலம் எங்கே பிரிகிறது என்பதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். இதைப் புரிந்துகொண்டால் மற்றதெல்லாம் தானாக விளங்கும். இலையின் செல்லுக்குள், பசுங்கணிகத்தின் இனத்தைச் சேர்ந்த கணிகம் என்ற நுண்ணறையில், 10 கார்பன் கொண்ட ஒரு நீளச் சங்கிலி தயாராகிறது. அதன் ஒரு முனையில் பாஸ்பேட் வால். நொதி அந்த வாலைக் கழற்றுகிறது. வால் போன இடத்தில் நேர்மின்னூட்டம் உட்காருகிறது. சங்கிலி வளைந்து அந்த இடத்தைத் தன் இன்னொரு முனையால் தொட, ஒரு வளையம் உண்டாகிறது. இப்போது மின்னூட்டம் வளையத்துக்கு வெளியே உள்ள ஒரு கார்பனில். இந்த நிலையில் ஒரு ஹைட்ரஜனை உதிர்த்துவிட்டால் லிமோனீன். உதிர்க்காமல் வளையத்துக்குக் குறுக்கே இன்னொரு பாலம் போட்டால் இரண்டு வழிகள். ஒரு கார்பனோடு பாலம் போட்டால் பைனீன் குடும்பம். பக்கத்துக் கார்பனோடு போட்டால் போர்னைல் குடும்பம்.

கற்பூரம் வருவது இந்தப் போர்னைல் கிளையில்தான். அந்த நிலையில் ஒரு தண்ணீர் மூலக்கூறு வந்து சேர்ந்தால் போர்னியோல். அதில் அசிட்டிக் அமிலத்தின் துண்டு ஒட்டினால் போர்னைல் அசிடேட். தண்ணீர் சேராமல் எலும்புக்கூடு ஒரு இடம் நகர்ந்து ஹைட்ரஜனை உதிர்த்தால் கேம்ஃபீன். போர்னியோலிலிருந்து இரண்டு ஹைட்ரஜனை எடுத்துவிட்டால் கற்பூரம். அதனால்தான் போர்னைல் அசிடேட் நிறைய இருக்கிற எண்ணெயில் கேம்ஃபீனும் கூடவே நிறைய இருக்கிறது. இரண்டும் ஒரே கிளையில் பிறந்தவை. ஊசியிலை எண்ணெயின் பகுப்பாய்வுப் பட்டியலைப் பார்க்கும்போது நான் முதலில் தேடுவது இந்த ஜோடியைத்தான்.

இந்த ஜோடி கொழிக்கிற மரம் சைபீரிய ஃபர், ஏபிஸ் சைபிரிகா. அதன் இலை எண்ணெயில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு போர்னைல் அசிடேட். அடுத்து கேம்ஃபீன், ஆல்ஃபா பைனீன், 3-கேரீன். கனடாவின் கருப்பு ஸ்ப்ரூஸ் இலையிலும் போர்னைல் அசிடேட் முதலிடத்துக்கு வரும். கிறிஸ்துமஸ் மரத்து மணம் என்று குளிர்நாட்டார் சொல்வது பெரும்பாலும் இந்த ஒரு பொருளின் மணம்தான்: குளிர்ச்சி, லேசான இனிப்பு, அடியில் ஒரு கற்பூர வாடை. பைனீன்கள் 155 முதல் 166 டிகிரி செல்சியசில் கொதிக்கும். போர்னைல் அசிடேட்டுக்கு 220 டிகிரிக்கு மேல் வேண்டும். அதனால் பைனீனின் பளிச்சென்ற மணம் போன பிறகும் இது கையில் தங்கியிருக்கும்.

ஃபர் என்றால் எல்லாம் இப்படித்தான் என்று நினைத்துவிடக் கூடாது. வட அமெரிக்காவின் பால்சம் ஃபர் மரத்தில் பீட்டா பைனீன்தான் முன்னால் நிற்கும், போர்னைல் அசிடேட் பின்னால் போய்விடும். லாட்ஜ்போல் பைனில் பீட்டா பெல்லாண்ட்ரீன் அதிகம். ஆல்ப்ஸ் மலையின் குட்டைப் பைனில் 3-கேரீனும் பெல்லாண்ட்ரீனும் சேர்ந்து வரும். ஐரோப்பா முழுக்கப் பரவியிருக்கிற ஸ்காட்ஸ் பைனில் இன்னும் விசித்திரம். ஒரே காட்டில் பக்கத்துப் பக்கத்தில் நிற்கிற இரண்டு மரங்களில் ஒன்றின் இலையில் 3-கேரீன் ஏராளமாக இருக்கும், மற்றதில் பெயருக்குத்தான் இருக்கும். மண்ணும் மழையும் ஒன்றுதான். வேறுபாடு பரம்பரையாக வருவது. 3-கேரீனைச் செய்கிற நொதிக்கான மரபணு யாரிடம் வேலை செய்கிறதோ அதைப் பொறுத்தது.

டக்ளஸ் ஃபர் மரத்தில் இந்த வேறுபாடு நிலப்பரப்பாகவே பிரிந்திருக்கிறது. பசிபிக் கடலோரத்து மரங்களின் இலையில் பீட்டா பைனீன் ஓங்கியிருக்கும். உள்நாட்டில் ராக்கி மலைத்தொடரில் வளர்பவற்றில் போர்னைல் அசிடேட்டும் கேம்ஃபீனும் ஓங்கும். வெளித்தோற்றத்தை வைத்து முடிவு செய்யத் தயங்குகிற இடத்தில், இலை எண்ணெய் இது எந்தப் பக்கத்து மரம் என்று காட்டிக்கொடுத்துவிடும்.

பருவமும் உண்டு. வசந்தத்தில் துளிர்க்கிற இளம் ஊசியின் எண்ணெய் வாரத்துக்கு வாரம் மாறும். முற்றி, குளிர்காலம் வந்த பிறகுதான் விகிதம் நிலைக்கும். மரங்களை ஒன்றோடொன்று ஒப்பிட நினைக்கிறவர்கள் முற்றிய இலைகளைக் குளிர்காலத்தில் பறிப்பதன் காரணம் அதுவே. ஜூன் மாதத் துளிரின் பட்டியலையும் ஜனவரி இலையின் பட்டியலையும் பக்கத்தில் வைத்து இரண்டும் வேறு இனம் என்று முடிவு கட்டினால் தவறு மரத்தின் மேல் இல்லை.

3-கேரீனைப் பற்றிச் சொல்லும்போது நம் பக்கத்துக் கதை ஒன்றைச் சொல்லாமல் இருக்க முடியாது. ஜான் லயனல் சைமன்சன் என்ற ஆங்கிலேய வேதியியலாளர் 1910இல் சென்னை மாநிலக் கல்லூரிக்குப் பேராசிரியராக வந்தார். 1914இல் தொடங்கிய இந்திய அறிவியல் மாநாட்டுக்கு வித்திட்ட இருவரில் ஒருவர் அவர். பின்னர் டேராடூன் வன ஆராய்ச்சி நிலையத்துக்குப் போய், இமயமலை அடிவாரத்துச் சிர் பைன் மரத்தின் டர்பன்டைனை ஆராய்ந்தார். அதில் பைனீன் போலவும் இல்லாமல் லிமோனீன் போலவும் இல்லாமல் ஒரு டெர்பீன் ஏராளமாக இருந்தது. அதுதான் 3-கேரீன். 1920இல் அதைப் பற்றி எழுதினார். அதே டர்பன்டைனின் கனமான பகுதியில் இன்னொரு பொருளும் கிடைத்தது, 15 கார்பன் கொண்ட லாங்கிஃபோலீன். சிர் பைனுக்கு அப்போது பைனஸ் லாங்கிஃபோலியா என்று பெயர். மரத்தின் பெயர் பின்னாளில் ராக்ஸ்பர்கி என்று மாறிவிட்டது, பொருளின் பெயர் அப்படியே தங்கிவிட்டது. மெரினா எதிரில் பாடம் நடத்திய ஒருவர் உலக டெர்பீன் ஆய்வில் இவ்வளவு ஆழமான தடம் பதித்திருக்கிறார் என்பதை நம் கல்லூரிகளில் இன்னும் கொஞ்சம் உரக்கச் சொல்லலாம்.

பட்டியலில் இல்லாத ஒரு வேறுபாடும் இருக்கிறது. இந்த மூலக்கூறுகளுக்கு வலக்கை, இடக்கை என்று இரண்டு வடிவங்கள் உண்டு. ஒன்றுக்கொன்று கண்ணாடி பிம்பம். ஆரஞ்சுத் தோலில் இருப்பது வலக்கை லிமோனீன். ஊசியிலைகளில் பெரும்பாலும் இடக்கை லிமோனீன். மணம் ஆரஞ்சு போல இராது, பிசின் வாடைதான் வரும். கற்பூரத்திலும் அப்படியே. கற்பூர மரத்திலிருந்து வருவது வலக்கை, சைபீரிய ஃபர் எண்ணெயிலிருந்து செய்வது இடக்கை. டர்பன்டைனிலிருந்து ஆலையில் செய்யும் சூடத்தில் இரண்டும் கலந்திருக்கும். ஆல்ஃபா பைனீனின் வளையத்துக்குள் 4 கார்பன் கொண்ட இறுக்கமான சதுரம் ஒன்று இருக்கிறது. அமிலத்தன்மை கொண்ட வினையூக்கி பட்டதும் அது பிரிந்து கேம்ஃபீனாக மாறும். அப்புறம் அசிட்டிக் அமிலம் சேர்த்து, பிரித்து, ஹைட்ரஜனை எடுத்தால் சூடம். மரம் இலைக்குள் செய்கிற வேலையை ஒத்த ஒன்றை ஆலை வேறு பாதையில், வேறு கருவிகளோடு செய்கிறது.

இந்த எண்ணெயை அளப்பது எப்படி? ஆய்வகத்தில் பெரும்பாலும் 1928இல் வந்த கிளெவெஞ்சர் கருவிதான் இன்றும். குடுவையில் இலையும் தண்ணீரும் கொதிக்கும். தண்ணீரின் ஆவியழுத்தமும் எண்ணெயின் ஆவியழுத்தமும் கூடுவதால், 150 டிகிரிக்கு மேல் கொதிக்க வேண்டிய பைனீன் 100 டிகிரிக்குக் கீழேயே தண்ணீரோடு சேர்ந்து ஏறிவிடும். அவசரப்பட்டு அடுப்பை அணைத்தால் கனமான செஸ்கிடெர்பீன்கள் இலையிலேயே தங்கிவிடும். பட்டியலில் அவை குறைவாகத் தெரியும். அதாவது எவ்வளவு நேரம் வடித்தார்கள் என்பதும் முடிவில் கலந்திருக்கிறது.

அப்புறம் வாயு நிறப்பகுப்பு. 30 மீட்டர் நீளம், கால் மில்லிமீட்டர் துளை கொண்ட, இழை போன்ற கண்ணாடிக் குழாயில் எண்ணெயின் ஆவி ஓடும்போது இலேசானவை முதலில், கனமானவை பிறகு என்று வரிசையாக வெளியே வரும். வருகிற ஒவ்வொன்றையும் நிறைமாலைமானி உடைத்து எடை பார்க்கும். இங்கேதான் ஒரு பொறி. பைனீனோ கேரீனோ பெல்லாண்ட்ரீனோ, மோனோடெர்பீன்களில் பெரும்பாலானவை உடையும்போது 93 என்ற எடையுள்ள துண்டைத்தான் அதிகம் தரும். துண்டுகளின் எடைகளைச் சேர்த்து வைத்திருக்கிற கணினி நூலகத்தை மட்டும் நம்பினால் ஒன்றை இன்னொன்றாகச் சொல்லிவிடும். அதனால் எந்த நேரத்தில் வெளிவந்தது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். வெளிவரும் நேரத்தை ஒரு எண்ணாக்குகிற, எர்வின் கோவாட்ஸ் 1958இல் தந்த தக்கவைப்புக் குறியீடு அதற்குத்தான். வழக்கமான முனைவற்ற (எண்ணெய்த்தன்மை கொண்ட பூச்சுள்ள) குழாயில் ஆல்ஃபா பைனீன் 930களில் வரும், போர்னைல் அசிடேட் 1285ஐ ஒட்டி வரும். லிமோனீனும் பீட்டா பெல்லாண்ட்ரீனும் மட்டும் அந்தக் குழாயில் ஒன்றின் மேல் ஒன்றாக வந்து விழும். ஒரு கட்டுரையில் 'லிமோனீன் 25 சதவீதம்' என்று இருந்து பெல்லாண்ட்ரீன் பெயரே இல்லையென்றால், நான் அந்த எண்ணைக் கொஞ்சம் சந்தேகத்தோடுதான் படிப்பேன். அந்தச் சதவீதங்கள்கூடப் பெரும்பாலும் வரைபடத்தின் பரப்பளவுச் சதவீதம். எடைச் சதவீதத்துக்கு நெருக்கமானது, ஆனால் அதுவேயில்லை.

மரம் இதையெல்லாம் ஏன் செய்கிறது? முக்கியமாகத் தற்காப்பு: கடிக்கிற பூச்சிக்கும் பூஞ்சைக்கும் எதிராக. ஆனால் எதிராளியும் சும்மா இருப்பதில்லை. வட அமெரிக்க மலைப் பைன் வண்டின் பெண், மரப்பட்டையைத் துளைக்கும்போது உள்ளே போகிற ஆல்ஃபா பைனீனை வெர்பினோலாக மாற்றி, அதையே மற்ற வண்டுகளைக் கூப்பிடும் மணமாக வெளியே விடுகிறது. மரத்தின் ஆயுதம் மரத்துக்கே எதிரான அழைப்பாகிவிடுகிறது. காற்றில் கலக்கிற பங்குக்கும் ஒரு வேலை இருக்கிறது. காடுகளின் மேல் கோடையில் தெரிகிற நீலப் புகைமூட்டத்துக்கு மரங்கள் விடுகிற டெர்பீன்கள் காரணம் என்று ஃபிரிட்ஸ் வென்ட் என்ற தாவரவியலாளர் 1960இல் எழுதினார். அவை ஓசோனோடு வினைபுரிந்து நுண்துகள்களாகின்றன. பின்லாந்தின் ஹூட்டியாலா ஆய்வு நிலையத்தில் இதைப் பல ஆண்டுகளாக அளந்துவருகிறார்கள்.

இனி கடைக்கு வருவோம். வெள்ளை ஃபினாயிலில் சேர்க்கிற 'பைன் ஆயில்' ஊசியிலை எண்ணெய் இல்லை. டர்பன்டைனின் பைனீனோடு தண்ணீரைச் சேரவைத்துச் செய்கிற ஆல்ஃபா டெர்பினியோல்தான் அதன் பெரும்பகுதி. தரை துடைக்க நல்ல பொருள், ஆனால் ஆவி பிடிப்பதற்கு இல்லை. ஊட்டியில் வாங்குகிற நீலகிரித் தைலமும் இந்தக் குடும்பம் கிடையாது. அது யூகலிப்டஸ் இலையின் சினியோல். நீலகிரியில் அந்த மரத்தைக் கற்பூர மரம் என்று கூப்பிடுவதால் குழப்பம் கூடுகிறது. ஃபர் இலை எண்ணெய் என்று விலைக்கு வருவதிலும் டர்பன்டைனும் போர்னைல் அசிடேட்டின் நெருங்கிய உறவான, ஆலையில் செய்த ஐசோபோர்னைல் அசிடேட்டும் கலக்கப்படுவதுண்டு. முன்பு சொன்ன வலக்கை இடக்கைச் சோதனை கலப்படத்தைப் பிடிக்கிற நல்ல வழிகளில் ஒன்று. மரம் செய்தது ஒரு கையில் சாய்ந்திருக்கும், ஆலை செய்ததில் இரண்டும் கலந்திருக்கும்.

இனத்தின் பெயர் ஏன் அவசியம் என்பதற்கு ஊசியிலை வகையைச் சேர்ந்த துஜா மரம் ஒன்றே போதும். வட அமெரிக்கத் துஜா ஆக்சிடென்டாலிஸ் இலை எண்ணெயில் பாதிக்கு மேல் துஜோன். பொருளுக்குப் பெயரே மரத்திலிருந்து வந்ததுதான். 10 கார்பன், 16 ஹைட்ரஜன், ஒரு ஆக்சிஜன்: கற்பூரத்தின் அதே கணக்கு. மூளையில் நரம்புகளை அடக்கி வைக்கிற காபா என்ற பொருளின் வேலையைத் தடுத்து, துஜோன் வலிப்பைக் கொண்டுவரும். 'சிடார் இலை எண்ணெய்' என்ற பெயரில் விற்பது பெரும்பாலும் இதுவே. சபைன் ஜூனிபரின் இலை எண்ணெயும் நச்சு. கற்பூரமும் வாய்வழி போனால் விளையாட்டில்லை. பூஜையறையில் எட்டுகிற இடத்தில் இருந்த சூடத்தை வாயில் போட்டுக்கொண்டு வலிப்பு வந்த குழந்தைகளைப் பற்றி எந்தக் குழந்தை மருத்துவரிடம் கேட்டாலும் சொல்வார். டப்பாவை மேல் தட்டில் வையுங்கள்.

கடைசியாகப் புட்டியின் வயது. பைனீனும் கேரீனும் காற்றிலுள்ள ஆக்சிஜனைப் பிடித்துக்கொண்டு பெராக்சைடு வகைப் பொருள்களாக மாறும். தோலில் ஒவ்வாமையைத் தூண்டுவது புதிய எண்ணெயைவிட இந்த மாறிய பொருள்கள்தான். டர்பன்டைனோடு வேலை செய்த வண்ணப்பூச்சுத் தொழிலாளர்களின் கையில் வந்த படைக்கு இவைதான் முக்கியக் காரணம். வாசனைத் தொழிலின் பன்னாட்டு விதிகள், பைன் குடும்பத்து எண்ணெய்களில் பெராக்சைடு அளவு லிட்டருக்கு 10 மில்லிமோலுக்குக் கீழே இருக்க வேண்டும் என்கின்றன. வீட்டில் அதை அளக்க முடியாது. ஆனால் மூடியைத் திருகிப் பாருங்கள். மரையில் மஞ்சளாக, பிசுபிசுவென்று ஒட்டினால் எண்ணெய் திரும்பவும் பிசினாகத் தொடங்கிவிட்டது. அதை உடம்பில் தடவ வேண்டாம்.